பெங்களூருவில் புரொபேட் வக்கீல்: யாரிடம் போகலாம்?

புரொபேட் என்பது உயில் உண்மையானதே என்று கோர்ட் தரும் சான்று. உயில் எழுதியவர் காலமானதும் அதற்காகப் பெங்களூருவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் போய் நிற்பது மூன்று இடங்களில்: இணைய இடைத்தரகர், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல் பத்திர எழுத்தர், சிட்டி சிவில் கோர்ட் வக்கீல். எங்கள் மதிப்பீட்டில் மூன்றாமவருக்கு மட்டுமே பணம் கொடுக்கலாம்.

வக்கீல்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. வக்கீல்களைப் பட்டியலிட்டுத் தரும் தளங்களுக்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பே கொடுத்துவிட்டது. எனவே அங்கே காணும் நட்சத்திர மதிப்பீடுகளை நம்பவேண்டாம். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். புரொபேட் வழக்குகள் நடத்தி முடித்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

பத்திர எழுத்தர்கள் கிரயத்துக்கும் தானத்துக்கும் சரி. புரொபேட்டையும் சக்சஷன் சர்ட்டிபிகேட்டையும் (வாரிசுரிமைச் சான்றிதழ்) குழப்பிவிடுகிறார்கள். சக்சஷன் சர்ட்டிபிகேட் வங்கி டெபாசிட், பங்கு, வரவேண்டிய கடன் இவற்றுக்குத்தான், வீட்டுக்குச் செல்லாது.

நல்ல வக்கீலை முதல் சந்திப்பிலேயே அடையாளம் காணலாம். புரொபேட் தேவையா என்பதையே முதலில் பார்ப்பார். பெங்களூரு வீட்டுக்கு இந்துக்கள் எழுதிய உயிலுக்கு அது கட்டாயமில்லை. அடுத்து, உயிலில் நிறைவேற்றுநர் (உயிலில் உள்ளபடி செய்து முடிக்கும் பொறுப்பாளர்) பெயர் இருக்கிறதா என்று கேட்பார். இல்லையென்றால் புரொபேட் கிடைக்காது, சொத்தை நிர்வகிக்க கோர்ட் தரும், உயில் இணைத்த நிர்வாகக் கடிதம்தான். பிறகு சாட்சிகள். கையெழுத்திட்ட இருவரில் ஒருவராவது வந்து சாட்சி சொல்லவேண்டும். அவர் வேலூரிலோ தர்மபுரியிலோ படுத்த படுக்கையாக இருந்தால், கோர்ட் நியமிக்கும் கமிஷனரை வைத்து அவர் வாக்குமூலத்தைப் பதிய மனு போடவேண்டும். இதைக் கேட்காமல் வக்காலத்தில் கையெழுத்து வாங்குபவரை விட்டு விலகுங்கள். வழக்கு பெரும்பாலும் இங்கேதான் தேங்குகிறது.

தமிழ் உயிலுக்கு மொழிபெயர்ப்பு இணைக்கவேண்டும். அதில் செக்குபந்தியில் (சொத்தின் நான்கு எல்லை விவரம்) ஒரு திசை மாறினாலும் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) மாற்றும்போது திருப்பி அனுப்புவார்கள். அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். உயிலில் ‘ஆர். முருகேசன்’, ஆதாரில் ‘முருகேசன் ராமசாமி’, காத்தாவில் ‘ராமசாமி முருகேசன்’ என்று இருக்கும். தேர்ந்த வக்கீல் மனுவின் தலைப்பிலேயே மூன்றையும் ‘என்கிற’ போட்டு எழுதிவிடுவார். அதனால் தீர்ப்பிலும் மூன்றும் வரும், வங்கியில் தனியாகப் பிரமாணப் பத்திரம் தேடி அலையவேண்டாம். இந்த ஒரு வரிக்காகவே அனுபவசாலிக்குக் கூடுதல் ஃபீஸ் தகும்.

ஃபீஸைச் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவர் வேண்டாம். சொத்தில் பங்கு கேட்பதும், வென்றால்தான் ஃபீஸ் என்று பேசுவதும் பார் கவுன்சில் விதிக்கே விரோதம். மனு தாக்கல், நோட்டீஸ் மற்றும் பத்திரிகை விளம்பரம், சாட்சி விசாரணை, தீர்ப்பு நகல் என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கோர்ட் ஃபீஸும் விளம்பரச் செலவும் தனி என்பதை எழுதி வாங்குங்கள். யாராவது ஆட்சேபித்தால் மனு சிவில் வழக்கின் வடிவம் எடுக்கும். அப்போதைய ஃபீஸையும் இப்போதே பேசிவிடுங்கள். வசதி இல்லாதவர்கள் சித்தய்யா ரோட்டில் நியாய தேகுலாவில் உள்ள சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

அசல் உயில் கோர்ட்டில் போய்விடும் என்பதால் முன்பே கலர் நகல் எடுத்து வையுங்கள். புரொபேட் கிடைத்த ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஓராண்டில் கணக்கும் நிறைவேற்றுநர் கோர்ட்டில் தாக்கல் செய்யவேண்டும். பேசிய ஃபீஸில் இந்த இரண்டும் அடக்கமா என்று கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள்.