கட்டளை வரியா, ரிப்பனா? ஆட்டோகேட் தரும் இரண்டு வழிகள்

கணினியில் கட்டட, இயந்திர வரைபடங்களை வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருள் 1982-இல் முதன்முதலாக வெளிவந்தது; அதில் இன்று ஒரு வரைவாளர் பெரும்பாலான வேலைகளை இரண்டு வழிகளில் தொடங்கலாம். திரையின் அடியில் இருக்கும் கட்டளை வரியில் எழுத்துகளைத் தட்டுவது பழைய வழி. ஆட்டோகேட் 2009 பதிப்பில் வந்த, திரையின் மேற்பகுதியில் ஐகான்கள் அடுக்கிய ரிப்பன் பட்டையில் உரிய ஐகானைச் சொடுக்குவது புதிய வழி.

இரண்டையும் ஒப்பிட, கோடுகள் சந்திக்கும் மூலையை 5 அலகு ஆரத்தில் வளைக்கும் ஃபில்லெட் வேலையை எடுத்துக்கொள்வோம். கட்டளை வரியில் எஃப் என்பது ஃபில்லெட்டின் சுருக்கம், ஆர் என்பது ஆரத்தைக் குறிக்கும்; எஃப், ஸ்பேஸ், ஆர், ஸ்பேஸ், 5, ஸ்பேஸ் என்று இடது கை தட்டி முடிப்பதற்குள் வலது கையில் இருக்கும் மவுஸ் முதல் கோட்டின் மேல் வந்து நின்றுவிடும். கண் வரைபடத்தை விட்டு விலகுவதே இல்லை. ரிப்பன் வழியில் மவுஸ் திரையின் உச்சிவரை போய்த் திரும்ப வேண்டும், அதன் பிறகும் ஆரத்தின் அளவைச் சொல்ல விசைப்பலகைக்குத்தான் வர வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்யும் வேலைகளில் இந்தப் போக்குவரத்து கைக்கும் கவனத்துக்கும் உண்மையான சுமை. மேலும், சாளரத்தைக் குறுக்கினால் ரிப்பனின் பகுதிகள் சுருங்கி ஒற்றைப் பொத்தான்களாகிவிடுவதால், நேற்று ஐகான் இருந்த இடத்தை நம்பிக் கை தானாகப் போக முடியாது. எழுத்துகளுக்கு அந்தக் குறை இல்லை.

ஆனால் ஹேட்ச், அதாவது மூடிய பரப்பைக் கோலங்களால் நிரப்புவது, போன்ற வேலையில் ரிப்பனே சிறந்தது என்பேன். வரைந்த ஹேட்ச் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடன் அதற்கென்றே ஒரு தாவல் திறந்து, கோலங்களைப் படங்களாகக் காட்டுகிறது. கண்ணால் பார்த்துத் தேர்வதைப் பெயரால் நினைவில் வைத்திருக்கச் சொல்வது நியாயமல்ல. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் கட்டளைகளுக்கும் இது பொருந்தும்.

கட்டளைச் சுருக்கங்கள் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இருப்பதால் அவரவர் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றியவர் வேறொருவரின் கணினியில் அமரும்போது சற்றுத் தடுமாறத்தான் வேண்டும்.

என் தேர்வு கட்டளை வரிதான் என்றாலும், புதிதாகக் கற்பவரை நேராக அதில் இறக்கிவிட மாட்டேன். ரிப்பனில் ஃபில்லெட் ஐகானைச் சொடுக்கினால், கட்டளை வரியில் அந்தக் கட்டளையின் பெயர், முன்னால் ஓர் அடிக்கோட்டுக் குறியுடன் (_), தோன்றுகிறது. ஐகான் மேல் மவுஸைச் சற்று நிறுத்தினாலும் விளக்கப் பெட்டியில் அதே பெயர் தெரிகிறது. எளிய வழியில் நடப்பவருக்கு விரைவான வழியை அன்றாடம் நினைவூட்டிக்கொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை, நிபுணர்களுக்கான மென்பொருளை வடிவமைப்பவர்கள் அனைவரும் கவனிக்க வேண்டும். இடம் போதவில்லை என்று கண்ட்ரோல்+9 அழுத்திக் கட்டளை வரியை மறைத்துவிடுபவர்களுக்கு இந்தப் பாடம் கிடைக்காமல் போகிறது. சிறிய திரையில் வேலை செய்பவர்கள் ரிப்பனைச் சுருக்கி வைத்துக்கொண்டு, கட்டளை வரியைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.