முடி பிடுங்கும் பழக்கம்: பயிற்சியா, மாத்திரையா?

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் என் அக்கா மகள் படிக்க உட்கார்ந்தால் இடது கை தானாக உச்சந்தலைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் மேசை விளக்கடியில் வேரோடு பத்துப் பதினைந்து முடி கிடக்கும். "கையை எடுடி" என்று அதட்டினோம், தவறு எங்களுடையது. இது அடம் இல்லை, டிரைக்கோடில்லோமேனியா என்ற மனநலச் சிக்கல்.

பழக்கத்தை மாற்றும் பயிற்சியை 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்தார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் கை தலைக்குப் போகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். அப்புறம், பிடுங்கத் தோன்றும்போது விரல்களை இறுக மூடி, அந்த உந்துதல் தணியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். இவள் ஒரு ரப்பர் பந்தைப் பிடித்துக்கொள்கிறாள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், வீட்டாருக்கும் பொறுமை வேண்டும்.

மாத்திரை என்றால் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற அமினோ அமில வகை மருந்து. 2009இல் வெளியான ஆய்வில் 50 பெரியவர்களிடம் 12 வாரம் சோதித்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. 2013இல் வெளியான பிள்ளைகள் ஆய்விலோ மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. அதனால் பள்ளிப் பிள்ளைக்குப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன். பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். இங்கே பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்துக்குப் போனால் குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.