பேசும் பேனா: ரங்கூன் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வாங்கலாமா?

டியூஷன் பிள்ளைங்களுக்காக ரெண்டு பேசும் பேனா (புத்தகத்துல தொட்டா அந்த சொல்லை சத்தமா சொல்ற பேனா) வாங்கினேன், ஒண்ணு மலிவு, ஒண்ணு கொஞ்சம் விலை கூட, ரெண்டையும் நல்லா பொழங்கிட்டுதான் எழுதறேன். இங்க கரண்ட் மணிக்கணக்கா போயிடுது, நெட் விலையும் ஏறிப்போச்சு, யூடியூப் போட்டு இங்கிலீஷ் சொல்லித்தர்றது நடக்காத காரியம். பேனாவுக்கு நெட்டே வேணாம், பவர் பேங்க்லயே சார்ஜ் ஏத்திக்கலாம், அதுக்காகவே முதல்ல பிடிச்சிருந்துச்சு.

வேலை செய்ற விதம் ரொம்ப சிம்பிள். புத்தகத்துல பொடிப்பொடியா கருப்பு புள்ளி அச்சடிச்சிருப்பாங்க, பேனா நுனில கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல பார்க்கற கேமரா இருக்கு, கருப்பு மைல உள்ள கார்பன் மட்டும் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், மத்த கலர் மை கேமராவுக்கு தெரியவே தெரியாது, அதனால படத்து மேல வச்சாலும் புள்ளியை மட்டும் படிச்சு அதுக்குரிய சத்தத்தை மெமரில இருந்து எடுத்து பேசிடும். ஆனா ஜெராக்ஸ் போட்டு பிள்ளைங்களுக்கு குடுக்கலாம்னு நினைக்காதீங்க, அதுல படமும் கார்பன் டோனர்லயே வந்துடும், புள்ளி தனியா தெரியாது.

1978ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஸ்பீக் அண்ட் ஸ்பெல்னு ஒரு மிஷின் விட்டாங்க, சிப்பே குரலை உண்டாக்கி எழுத்துக்கூட்ட சொல்லிக்கொடுத்துச்சு. அது மிஷின் குரல், இந்த பேனால மனுஷங்க பேசி பதிவு பண்ணது, உச்சரிப்புக்கு இதுதான் சரி.

நம்ம பிள்ளைங்களுக்கு உச்சரிப்புலதான் சிக்கலே. பர்மா பேச்சுல சொல்லோட கடைசி மெய் முழுசா ஒலிக்காது, தொண்டையில சட்டுனு நின்னுடும், வீட்ல தமிழ் பேசறப்ப நாம கடைசில ஒரு உ சேர்த்து பஸ்ஸுன்னு சொல்றோம், ரெண்டும் கலந்து நைஃப், நைஸ், நைட் மூணும் ஒரே மாதிரி வருது. (திங்க்ல வர்ற நாக்கு நுனி சத்தத்தை மட்டும் அழகா சொல்லுதுங்க, பர்மா மொழிலயே அது இருக்கே.) எஸ், எஃப் ரெண்டையும் பிரிச்சு காட்டற சீறல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு (சத்தம் எவ்ளோ கீச்சுன்னு காட்டற அளவு) மேலதான் இருக்கு. பழைய போன் லைன் 3400 வரைக்கும்தான் விடும், போன்ல ஸ்பெல்லிங் சொன்னா எஸ்ஸா எஃபான்னு குழம்பறது அதனாலதான். மலிவு பேனாலயும் இதே கதை, இயர்போன் போட்டு கேட்டாலும் சீறல் மழுங்கித்தான் வருது, ஃபைலை அவ்ளோ சுருக்கி வச்சிருக்காங்க போல. கடைசி சத்தம் காதுல விழாத பிள்ளை வாயில அது எப்படி வரும்? எனக்கு கோவமே வந்துச்சு, காசு செலவழிச்சு தப்பை பழக்கறதுக்கு சும்மா இருக்கலாம்.

விலை கூடின பேனா தெளிவா பேசுது. அதுல ரெக்கார்ட் பட்டன் இருக்கு, பிள்ளை தான் சொன்னதையும் பேனா சொன்னதையும் மாத்தி மாத்தி கேட்குது, தானா திருத்திக்குது, கூச்சப்பட்டு வாயே திறக்காத பிள்ளைங்க கூட இதுக்கு பேசுதுங்க. சரியா தப்பான்னு பேனா சொல்லாது, அதுக்கு பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். வெளிய ஜெனரேட்டர் ஓடறப்ப இதோட ஸ்பீக்கர் சுத்தமா கேட்காது, இயர்போன் ஓட்டை இல்லாத மாடல் எடுக்காதீங்க.

கடையில பேனாவை கையில வாங்கி, கூட வர்ற புத்தகத்துல எஸ்ல முடியற சொல் ஒண்ணு, எஃப் சத்தத்துல முடியற சொல் ஒண்ணு தொட்டு கேளுங்க. வித்தியாசம் தெரியலைன்னா திருப்பி குடுத்துடுங்க.