தேனீ ஹோட்டல் வாங்கும்முன் ஆழத்தை அளந்து பாருங்கள்

தேனீ கூடு கட்டுவதற்காகக் குழாய்களோ துளைகளோ வைத்துச் செய்த பெட்டிதான் 'தேனீ ஹோட்டல்'. இணையக் கடைகளில் அந்தப் பெயரில் தேடினால் முதலில் வந்து நிற்பது குட்டி வீடு போன்ற ஒரு மரப்பெட்டி. மேலே சாய்வுக் கூரை, ஒரு தட்டில் பைன் காய்கள், இன்னொன்றில் மரச்சீவல், நடுவில் வண்ணத்துப்பூச்சிக்கென்று நீளமான பிளவுகள், மிச்ச இடத்தில் மூங்கில் துண்டுகள். இதில் தேனீக்குப் பயன்படுவது அந்த மூங்கில் பகுதி மட்டுமே. பைன் காயிலும் சீவலிலும் எந்தத் தேனீயும் கூடு கட்டாது. சிலந்தியும் எறும்பும்தான் குடியேறும். பிளவுக்குள் வண்ணத்துப்பூச்சி தங்குவதும் இல்லை. பாதிப் பெட்டி வீண் என்று தெரிந்தே வாங்க வேண்டிய மாடல் இது.

மிச்சப் பாதி எப்படி? அதைச் சொல்வதற்கு, உள்ளே குடிவருவது யார் என்று தெரிய வேண்டும். இது தேன் சேர்க்கும் கூட்டத் தேனீக்கானது அல்ல. இலைவெட்டித் தேனீ, மண்ணால் சுவர் வைக்கும் மேசன் தேனீ, பிசின் தேனீ போன்ற தனித்தேனீக்களுக்கானது. ராணியும் இல்லை, வேலைக்காரிகளும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் கூட்டைத் தானே கட்டுகிறது. குழாயின் கடைக்கோடியில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மண்ணாலோ இலைத்துண்டாலோ சுவர் எழுப்புகிறது. அடுத்த அறை அதற்கு முன்னால். இப்படியே வாசல்வரை வந்து, கடைசியில் கனமாக ஒரு மூடி போடுகிறது.

இந்த அறைகளின் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எதை எங்கே இடுவது என்பது தாயின் கையில். பின்னால் உள்ள அறைகளில் பெண் முட்டைகள், வாசலை ஒட்டியவற்றில் ஆண் முட்டைகள். மரங்கொத்தியோ ஒட்டுண்ணிக் குளவியோ முதலில் கைவைப்பது வாசல் பக்க அறைகளில்தான். குழாய் குட்டையாக இருந்தால் பெண்ணுக்கான இடம் சுருங்கி, பிறப்பவற்றில் ஆண்களே மிஞ்சும். கூடு கட்டுவதும் மகரந்தத்தை அள்ளிச் சுமப்பதும் பெண்தான் என்பதால் அடுத்த பருவத்தில் பெட்டி காலியாகத் தெரியும். 'தேனீ வரவில்லை' என்று வாங்கியவர் நினைத்துக்கொள்வார். எட்டு மி.மீ. விட்டமுள்ள துளைக்கு 15 செ.மீ. ஆழம் வேண்டும். அலங்காரப் பெட்டிகள் பல 10 செ.மீ. கூட இருப்பதில்லை. மூங்கிலில் இன்னொரு சிக்கல்: வெளியிலிருந்து பார்த்தால் நீளமாகத் தெரியும், ஆனால் 4 செ.மீ. தள்ளிக் கணு வந்து வழியை அடைத்திருக்கும். ஓர் ஈர்க்குச்சியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக அளந்துவிடுங்கள்.

விட்டத்தைப் பொறுத்தவரை, மேசன் தேனீக்கு எட்டு மி.மீ., இலைவெட்டிகளில் பலவற்றுக்கு ஆறு, மிகச் சிறிய இனங்களுக்கு மூன்று, நான்கு. சிறிய துளைக்கு 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும். 12 மி.மீ.க்கு மேற்பட்ட மூங்கிலாகவே நிரப்பிய பெட்டி என்றால் தவிர்த்துவிடலாம். துளை வாசலில் பிசிறு இருக்கக் கூடாது, இறக்கை கிழியும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். பின்பக்கம் கட்டாயம் மூடியிருக்க வேண்டும். இரு பக்கமும் திறந்த குழாயைத் தேனீ ஏற்பதில்லை. பின்பலகைக்கும் குழாய்க்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் அதன் வழியே நுழைந்து புழுக்களில் முட்டையிடும். களிமண்ணால் பூசிவிடுவது நல்லது.

பொருளில் வருவோம். பிளாஸ்டிக், கண்ணாடிக் குழாய் எதுவும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே வியர்த்து, மகரந்த உருண்டை பூஞ்சை பிடித்துவிடும். மெல்லிய காகிதக் குழாயின் சுவரைத் துளைத்துக் குளவி தன் முட்டைக் குழலைச் செலுத்தும். அட்டைக் குழாய் என்றால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். மரக்கட்டையில் டிரில் போட்ட மாடல் முதல் பருவத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் அதைத் திறக்க முடியாது. மகரந்தத்தைத் தின்னும் உண்ணிகள் உள்ளே பெருகும். சுண்ணாம்புபோல் புழுவை இறுக்கிவிடும் பூஞ்சை நோயின் வித்துகள் சுவரில் தங்கும். அடுத்த தலைமுறை அதற்குள்தான் பிறந்து அதையே சுமந்துகொண்டு வெளிவரும். மூங்கிலும் இதே கணக்குதான், ஒவ்வொரு பருவமும் மாற்றினால் ஒழிய.

அதனால் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்பது, பள்ளம் கீறிய பலகைகளை அடுக்கி இறுக்கிய தட்டு மாடலை. பிரித்துப் பார்க்கலாம், தேய்த்துக் கழுவலாம், வெயிலில் காயவைக்கலாம். வாங்கும்போது பலகைகள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி கசிந்தால் குளவியும் கசியும். வார்ப்பட்டை போட்டு இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வார்னிஷ் நாற்றம் அடித்தால் அது போகும்வரை வெளியில் வையுங்கள்.

வெப்ப நாடுகளில் ஒரே ஆண்டில் பல தலைமுறைகள் வருவதால் 'எப்போது கழுவுவது' என்ற குழப்பம் உண்டு. நிரம்பிய குழாய்களை எடுத்து, ஒரே ஒரு 10 மி.மீ. ஓட்டை மட்டும் உள்ள இருட்டுப் பெட்டியில் வைத்து, பக்கத்திலேயே புதிய குழாய்களை மாட்டுவதுதான் வழி. பிறந்தவை வெளிச்சத்தைத் தேடி வெளியே போகும். கூடு கட்டப் புதியவற்றுக்கு வரும். கடைக்காரர்கள் இந்தப் பெட்டியைச் சேர்த்துத் தருவதே இல்லை. தரவேண்டும்.

மாட்டுவது எளிது: காலை வெயில் படும்படி, ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்றில் ஆடாமல் ஆணியடித்து. கயிற்றில் தொங்கவிடும் மாடலைத் தேனீ விரும்பாது. கூரை 5 செ.மீ.யாவது முன்னால் நீள வேண்டும். மேசன் தேனீக்கு அருகிலேயே ஈரக் களிமண் வேண்டும்.

விவசாயத்துக்கு வாங்குகிறவர்கள் பயிரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆப்பிள், செர்ரி, பாதாம் தோட்டங்களில் மேசன் தேனீக்கள் நன்றாக வேலை செய்கின்றன. குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதை உற்பத்தியில் இலைவெட்டிக்கு நிகரில்லை: அந்தப் பூ திறக்கும்போது உள்ளிருக்கும் மகரந்தத் தண்டு விசையாக எழுந்து தேனீயின் தலையில் அடிக்கும். தேன் சேர்க்கும் தேனீ அதைக் கற்றுக்கொண்டு பக்கவாட்டில் தேனைத் திருடிப் போய்விடும். இலைவெட்டி அடியைப் பொருட்படுத்துவதில்லை. தக்காளிக்கும் கத்தரிக்கும் கதை வேறு. அவற்றின் மகரந்தப் பைகள் நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். பூவைப் பிடித்துக்கொண்டு அதிர வேண்டும். அப்படி அதிரும் நீலவரித் தேனீ மண்ணில்தான் கூடு கட்டுகிறது. எந்தப் பெட்டியும் அதற்குப் பயன்படாது. உலகின் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வாழ்பவை. வரப்போரத்தில் உழாத, மூடாக்குப் போடாத, வெயில் படும் வெற்று மண்ணை விட்டுவைப்பது அவற்றுக்குச் செய்யும் பெரிய உதவி. அதற்குச் செலவும் இல்லை.

சிறிய இனங்கள் சில நூறு மீட்டருக்குமேல் போகாது. ஆகவே ஒரு மூலையில் பெரிய பெட்டி வைப்பதைவிட வரப்பு நெடுகச் சிறியவை பல வைப்பது மேல். ஒட்டுண்ணியும் ஒரே இடத்தில் குவியாது. பயிர் பூப்பதற்கு முன்னும் பின்னும் வேறு பூக்கள் இருக்க வேண்டும், இல்லையேல் பட்டினி.

கடைசியாக, பெட்டியோடு உயிருள்ள கூட்டுப்புழுக்களைத் தபாலில் விற்கிறார்கள். வெளியூர் இனத்தையும் அதன் நோயையும் சேர்த்து வாங்குவதாக அது முடியலாம். கனடாவின் டொரண்டோவில் ஏறக்குறைய 600 பெட்டிகளை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், குடியேறிய தேனீக்களில் கிட்டத்தட்டப் பாதி வெளிநாட்டிலிருந்து வந்த இனங்கள். காலிப் பெட்டியை மட்டும் வாங்குங்கள். உள்ளூர்த் தேனீ ஒரு பருவம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.