ஓடு மாற்றுவதா, இடித்துக் கட்டுவதா? ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடங்கள்: ஓர் ஒப்பீடு

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வளாகத்தில் மூன்று கட்டடங்கள் இருக்கின்றன. முதலாவது, சீமை ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். என் தந்தை அதில்தான் படித்தார், நானும் படித்தேன். இரண்டாவது, அனைவருக்கும் கல்வித் திட்டக் காலத்தில் எழுந்த இரண்டு கான்கிரீட் அறைகள். மூன்றாவது, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் வந்த ஒற்றை அறை. சென்ற ஆண்டு மழை முடிந்ததும் பூட்டுப் போட்டு, யாரும் உள்ளே போகக் கூடாது என்று எழுதி வைத்தது இரண்டாவது கட்டடத்துக்கு. தளத்தின் அடியில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. அதைவிடப் பல பத்தாண்டுகள் மூத்த ஓட்டுக் கட்டடத்தின் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். நேராக நிற்கிறது. ஒழுகுவது கூரை மட்டும்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஓட்டுக் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் தாருங்கள் என்று எழுதுவதா, எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தாருங்கள் என்று எழுதுவதா என்ற கேள்வி மூன்று கூட்டங்களாக எங்கள் முன் கிடந்தது. இதே கேள்வி தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இப்போது இருக்கும். அதனால்தான் நாங்கள் எடைபோட்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடித்துவிடலாம் என்று பெற்றோர் கேட்பது ஆசையால் அல்ல, பயத்தால். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் ஒழிந்தன. அந்தத் தீயையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. அந்த வேகம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு ஒரு தவறான அளவுகோலும் ஊர்களில் வேரூன்றிவிட்டது: பழையது என்றால் ஆபத்து, ஓடு என்றால் பழையது, கான்கிரீட் என்றால் உறுதி. எங்கள் வளாகத்தில் பூட்டுத் தொங்கும் கட்டடமே அந்த அளவுகோலைப் பொய்யாக்குகிறது.

வெயிலும் மழையும் காற்றும்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கு முதல் சோதனை வெயில். கான்கிரீட் தளம் காலையில் வாங்கிய சூட்டைப் பிற்பகலில் அப்படியே கீழே இறக்குகிறது. இரண்டு மணிக்கு மேல் அந்த அறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிது. மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடும். ஓட்டுக் கூரை உயரமானது. ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே சூடான காற்று மேலேறி வெளியே போய்விடும். மின்சாரம் நின்றாலும் வகுப்பு நடக்கும். கான்கிரீட் தளத்தின் மேல் தட்டை ஓடு பதித்தோ, வெள்ளைப் பூச்சு அடித்தோ சூட்டைக் குறைக்க முடியும். ஆனால் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு யார் பணம் தருவது என்பது தனிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மழையில் ஓட்டுக்குக் குறை உண்டு. குரங்கு ஏறினால் ஓடு நகரும்; வேப்பங்கிளை விழுந்தால் உடையும்; கைமரத்தைக் கரையான் அரிக்கும். திருடனுக்கு நான்கு ஓட்டை எடுத்தால் போதும். திறன் வகுப்பறைக்கான திரையும் கணினியும் தொடக்கப் பள்ளிவரை வந்துவிட்ட பிறகு, அவற்றை வைக்க ஓர் அறையாவது கான்கிரீட்டில் இருந்தே ஆக வேண்டும். இதில் விவாதம் இல்லை.

காற்று விஷயத்தில் இடத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஓட்டுக் கூரைகள் என்ன ஆயின என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். கடற்கரை ஊர்களில் பள்ளிக் கட்டடம்தான் புயல் இரவில் ஊர் மக்களின் தங்குமிடமும். அங்கே நல்ல கான்கிரீட் கட்டடத்துக்கு ஈடு இல்லை. உப்புக் காற்று கம்பியைச் சீக்கிரம் தின்னும் என்பதால், அங்கே கட்டும் கான்கிரீட்டுக்கு உள்மாவட்டத்தைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். நான் இங்கே ஓட்டுக்காகப் பேசுவது கடலிலிருந்து விலகியிருக்கும், அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளிகளுக்காக மட்டும்.

எது தன் நோயைச் சொல்லும்?

எங்கள் கூட்டங்களில் என் மனத்தை மாற்றியது ஊரின் மூத்த கொத்தனார் ஒருவர் காட்டிய ஒரு வேறுபாடு. ஓடு உடைந்தால் அன்றைய மழையிலேயே தண்ணீர் சொட்டும். ஆசிரியர் வாளி வைப்பார், பிள்ளைகள் இடம் மாறுவார்கள், ஊருக்கே தெரியும். ஏணி போட்டு ஓடு மாற்றினால் வேலை முடிந்தது. கான்கிரீட்டில் அப்படி நடப்பதில்லை. வடிகுழாயைச் சருகு அடைத்து மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும். அது மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருவேறும்போது பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பல ஆண்டுகளுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு கறையும் மயிரிழை வெடிப்பும் மட்டுமே தெரியும். அதன் மேலும் வெள்ளை அடித்துவிடுவோம். பிறகு ஒரு நாள் காரை கட்டியாக விழும்.

சுற்றிப் பார்க்க ஆள் இருக்கிற, பராமரிப்புக்குப் பணம் இருக்கிற அலுவலகத்துக்குக் கான்கிரீட் சரி. இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள பள்ளிக்கு, தன் குறையை உடனே வெளியே காட்டும் கூரைதான் பாதுகாப்பானது என்பது என் முடிவு. ஓட்டுக் கூரையும் கரையான் அரித்த உத்திரத்தோடு சரிந்து விழக் கூடியதுதான், மறுக்கவில்லை. அதனால் மரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் வைத்து, அதன் மேல் ஓடு போட வேண்டும். இரும்புக்கு வண்ணம் அடிக்க வேண்டிய நேரம் வந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. தளத்தின் கீழ்ப் பகுதியில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரும்பங்கு வகிப்பதில்லை; அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. ஆகவே அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே ஓடுகளை வைத்து வார்த்தால் சிமென்டும் குறையும், சூடும் குறையும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த முறையை ஊர் ஊராகப் பரப்பினார். உள்ளூர்க் கொத்தனார் ஒருமுறை உடனிருந்து பார்த்தால் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். நம் ஒன்றிய அலுவலகங்களில் ஒரே மாதிரி வரைபடத்தை எல்லா ஊருக்கும் பிரதி எடுக்கும் பழக்கம் இருப்பதால் இந்தப் பேச்சே எழுவதில்லை. ஏலகிரி மலைக்கும் இராமநாதபுரத்துக்கும் ஒரே சன்னல் அளவு எப்படிப் பொருந்தும்?

பணம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

புதிதாகக் கட்டப் பணம் கிடைக்கிறது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் ரூ.7,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. ஊரகப் பகுதிகளில் இரண்டு வகுப்பறைக் கட்டடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் வேலைகள் நடக்கின்றன. இதை மனமார வரவேற்கிறேன். பல பத்தாண்டுகளாகத் தள்ளிப்போட்ட வேலை இது.

பராமரிப்புக்கு வரும் பணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம், 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 பேர் வரை 25,000 ரூபாய். சுண்ணக்கட்டி, துடைப்பம், மின்சாதனப் பழுது எல்லாம் இதற்குள்ளேதான். கூரைக்கு என்ன மிஞ்சும்? 30 லட்சத்தில் கட்டியதைக் காக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் என்றால், இருபது ஆண்டுகளில் அதுவும் எங்கள் இரண்டாவது கட்டடம்போல ஆகிவிடும். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. வடிகுழாய் அடைப்பு எடுத்ததற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

காலக் கணக்கு இன்னும் கசப்பானது. இடிக்க வேண்டுமென்றால் பொறியாளர் தகுதியின்மைச் சான்று தர வேண்டும். தீர்மானம் போட வேண்டும். இடிபொருளுக்கு விலை வைத்து ஏலம் விட வேண்டும். வைத்த விலைக்கு ஏலம் கேட்க ஆள் வராவிட்டால் மறு ஏலம். பிறகு நிதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் இடித்த பிறகு இரண்டு கல்வியாண்டுகள் வகுப்பு சமுதாயக் கூடத்தில் நடந்தது. கல்யாண நாள்களில் வகுப்பு கோயில் மண்டபத்துக்குப் போகும். அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகள் பலர் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். புதுக் கட்டடம் திறந்தபோது திரும்பியவர்கள் சிலரே. இடிப்பதற்கான செலவில் இந்த இழப்பை எந்த மதிப்பீட்டிலும் யாரும் சேர்ப்பதில்லை.

கூரை மாற்றும் வேலையைக் கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

யார் கட்டுவது?

அனைவருக்கும் கல்வித் திட்டம் 2001இல் தொடங்கியபோது கட்டுமானத்தில் ஒப்பந்ததாரரே கூடாது, ஊர்க் குழுவே கட்ட வேண்டும் என்பது விதி. அதை மிக உயர்வாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பூட்டிய கட்டடம் அப்படி ஊர்க் குழு கட்டியதுதான். நல்ல மனம் இருந்தது, மேற்பார்வை இல்லை. தளம் போட்டது சித்திரை வெயிலில். ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரம். தளத்தின் மேல் பாத்தி கட்டி ஏழு நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். இரண்டாம் நாளே காய்ந்துவிட்டது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்க வேண்டிய கவர் பிளாக் என்னும் சிறு கட்டையும் பல இடங்களில் இல்லை. இன்று பெயர்ந்த இடத்தைப் பார்த்தால் கம்பியின் மேல் விரல் கனத்துக்குக்கூட காரை இல்லை. தலைமை ஆசிரியர் பாவம், சிமென்ட் மூட்டைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே பாடம் நடத்தவே முடியாமல் அந்த ஆண்டைக் கழித்தார். அந்தச் சுமையை மறுபடி எந்த ஆசிரியர் தலையிலும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒப்பந்தப்புள்ளி முறையில் கணக்கு ஒழுங்காக இருக்கும், பொறியாளர் பொறுப்பேற்பார். ஆனால் பள்ளிக்கு அந்த வேலையில் ஒரு சொல்கூட இல்லை. மதிப்பீட்டின் நகல் தலைமை ஆசிரியரிடம் இருக்காது. எந்த இடத்தில் கட்டுவது என்பதையும் லாரி வர வசதியான இடம் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் மூன்றாவது கட்டடம் அப்படித்தான் விளையாட்டுத் திடலின் நடுவில் வந்து உட்கார்ந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் கபடி ஆடுவது சாலையோரத்தில். வளாகம் முழுவதற்கும் ஒரு வரைபடம் இருந்து, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எது எங்கே வரும் என்று குறித்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே ஒப்பந்ததாரர் கட்டட்டும். மதிப்பீட்டு நகல் குழுவின் கையில் இருக்கட்டும். அஸ்திவாரம், கம்பி கட்டு, தளம் நனைத்தல் ஆகிய மூன்று கட்டங்களில் குழுவின் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை தரக் கூடாது. தளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. எதிர்வீட்டில் இருக்கும் ஒரு தாய் போதும்.

எங்கள் தீர்மானம் சென்ற வாரம் எழுதப்பட்டது. வரும் கோடையில் ஓட்டுக் கட்டடத்துக்கு இரும்புச் சட்டம் வைத்துக் கூரை மாற்ற வேண்டும். அது முடிந்து பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் பூட்டிய கட்டடத்தை இடிக்க வேண்டும். புதிய கட்டடம் அதே அஸ்திவார எல்லைக்குள், திடலைத் தொடாமல், வாக்குச்சாவடிக்கும் சக்கர நாற்காலிக்கும் உதவும் சாய்தளத்தோடு வர வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை எழுதி, கீழே கோடிட்டிருக்கிறோம்.