லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் ‘பஃபிங் பில்லி’: எங்கே நின்று பார்ப்பது, எதைப் பார்ப்பது

லண்டன் சவுத் கென்சிங்டனில் இருக்கும் சயின்ஸ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயில் எஞ்சினில் ஆர்வமுள்ளவர்கள் அங்கே முதலில் தேட வேண்டியது பஃபிங் பில்லியை. உலகில் இன்று மிஞ்சியிருக்கும் நீராவி ரயில் எஞ்சின்களில் இதுதான் மூத்தது. நியூகாசிலுக்கு மேற்கே வைலம் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1813–14இல் வில்லியம் ஹெட்லி குழுவினர் செய்தது. லெமிங்டன் படகுத்துறை வரை சுமார் 5 மைல் நிலக்கரி இழுத்து, 1862 வரை உழைத்தது.

பலர் முன்பக்கம் நின்று படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் நின்றால்தான் இது எப்படி ஓடியது என்று பிடிபடும். புகைபோக்கி இருக்கும் முனையிலேயே நெருப்புக் கதவும் இருக்கிறது. கொதிகலனுக்குள் போகும் குழாய் U வடிவில் வளைந்து திரும்பி வருகிறது. சூடான புகை தண்ணீருக்குள் இருமுறை பயணிப்பதால் வெப்பம் வீணாவது குறைவு. கரி போடுபவருக்கு ஒரு முனை, ஓட்டுநருக்கு மறுமுனை.

ஓட்டுநர் முனையில் இருபுறமும் செங்குத்தாக ஒவ்வொரு சிலிண்டர்: விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 36 அங்குலம். பிஸ்டன் மேலே இருக்கும் நீண்ட நெம்புகோலைத் தூக்கி இறக்க, அதன் நடுவிலிருந்து தொங்கும் தண்டு கீழே கிராங்க் என்ற வளைதண்டைச் சுழற்றுகிறது. அங்கிருந்து பல்சக்கரங்கள் வழியாக எல்லா அச்சுகளுக்கும் விசை போகிறது. கீழே குனிந்து அந்தப் பல்சக்கரங்களைக் கட்டாயம் பாருங்கள். எந்தச் சக்கரமும் சும்மா உருளவில்லை. வழுவழுப்பான தண்டவாளத்தில் பிடிப்பு கிடைத்தது அதனால்தான். 1812இல் லீட்ஸ் மிடில்டன் சுரங்கத்தின் மேலாளர் பிளென்கின்சாப் பிடிப்புக்காகத் தண்டவாளத்திலேயே பல் வைத்தார். அது தேவையில்லை என்று ஹெட்லி, ஆட்கள் கைப்பிடி சுற்றி ஓட்டிய சோதனை வண்டியிலேயே கண்டுகொண்டார்.

ஒரு குறை உண்டு. எஞ்சினை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். சிக்கல் முழுக்க வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆன தண்டவாளத்தில் இருந்தது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். வளைந்தாலோ அதிர்ந்தாலோ பட்டென்று முறியும். குதிரை வண்டிகளுக்குப் போட்ட தகடுகள்மேல் ஏறக்குறைய 8 டன் எடை, அதுவும் ஸ்பிரிங் இல்லாமல் ஏறியது. நான்கு சக்கரத்தில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2 டன். தகடுகள் உடைந்துகொண்டே இருந்தன. 1804இல் வேல்ஸின் பெனிடேரனில் நீராவி எஞ்சின் முன்னோடி டிரெவிதிக் 10 டன் இரும்பை வெற்றிகரமாக இழுத்துக் காட்டியும், அவருடைய எஞ்சினுக்கு எதிரியானது இதே தகடுதான். அதனால் 1815 வாக்கில் பில்லிக்கு எட்டுச் சக்கரம் போட்டு எடையைப் பரப்பினார்கள். 1830 வாக்கில் வலுவான தண்டவாளம் வந்ததும் மறுபடி நான்கு சக்கரம். நீங்கள் பார்ப்பது அந்தக் கடைசி உருவம். எட்டுச் சக்கரத்தை மனதில்தான் வரைந்துகொள்ள வேண்டும்.

லண்டனில் இது அசையாது. நெம்புகோல் ஏறி இறங்குவதையும் பல்சக்கரங்கள் கடகடப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் டர்ஹம் மாவட்டத்தின் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2006இல் அங்கே வந்த நகல் நீராவியில் ஓடும். அங்கே கட்டணம் உண்டு. எஞ்சின் எல்லா நாளும் ஓடாது, கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. பில்லியின் உடன்பிறப்பான ‘வைலம் டில்லி’ எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேரம் குறைவு என்றால் முதலில் லண்டன், அடுத்தது பீமிஷ்.