பத்தாங் பெர்ஜுந்தையில் சர்வர் பார்க்கத் தெரிந்த ஒரு கடை

சர்வர் பழுதானால் கோலாலம்பூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பெஸ்தாரி ஜெயாவில், நம் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான், பழைய கடைவரிசையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் பிரிண்டர் மை விளம்பரம் மட்டும் ஒட்டியிருக்கும். தனி ஆளாக நடத்துகிற அண்ணன் தன் பெயரையும் எண்ணையும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணினி அண்ணன் கடை என்று கேட்டால் ஊரில் காட்டிவிடுவார்கள்.

நான் செம்பனைப் பழம் வாங்கும் ஒரு எடைமேடையில் கிராணி. நாட்டிலேயே முதன்முதலாக 1917-இல் வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்த ஊர்ப்பக்கம்தான், இன்றைக்கும் பழம்தான் இங்கே பிழைப்பு. லாரி மேடையில் ஏறியதும் எடை சர்வருக்குப் போய், அலுவலகக் கணினியில் சீட்டு வரும், அந்தச் சீட்டை வைத்துத்தான் சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும், ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்விடுவது நல்லது. நெட்வொர்க் நின்றால் எனக்குப் பின்னால் எட்டு லாரி வெயிலில் நிற்கும்.

மார்ச்சிலிருந்து அப்படித்தான் நின்றது. இரண்டு சியோன் பிராசஸர் உள்ள பழைய சர்வர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் லாரிகள் வர ஆரம்பித்ததும் நெட்வொர்க் இழுத்து இழுத்துச் செத்துவிடும். சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், பிறகு மறுபடியும் அதே கதை. பக்கத்துப் பெரிய ஊரிலிருந்து வந்த ஒரு சர்வீஸ்காரர் கேபிளை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், கடைசியில் சிஸ்டத்தையே புதிதாக ஏற்றிவிட்டு 600 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மறுபடியும் நின்றது. நானே துணிந்து மூடியைத் திறந்து நெட்வொர்க் கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போட்டேன், அங்கே அது வேலையே செய்யவில்லை. பயந்துபோய்ப் பழைய இடத்திலேயே செருகிவிட்டேன்.

இந்த அண்ணன் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. "மார்ச்ல புதுசா என்னம்மா மாட்டினீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எடை எந்திரத்தின் கேபிளைச் செருகுவதற்காக ஒரு மலிவான சீரியல் கார்டு வாங்கி மாட்டியிருந்தோம். சரி என்று தலையாட்டிவிட்டு, சர்வரின் பதிவுகளைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்: 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்'. அதற்குக் கீழேயே 'டிஸேபிளிங் ஐஆர்க்யூ 16'.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒவ்வொரு கார்டும் தனக்கு வேலை வந்தால் பிராசஸரைக் கூப்பிட ஒரு மணி அடிக்கும், அதுதான் இன்டரப்ட், அந்த மணியின் எண்தான் ஐஆர்க்யூ. எங்கள் சர்வரில் நெட்வொர்க் கார்டும் சீரியல் கார்டும் 16-ஆம் எண் மணியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. எடை வர ஆரம்பித்ததும் சீரியல் கார்டு மணியை விடாமல் அடிக்கிறது, அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. 1,00,000 தடவை அடித்ததில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், சர்வரை இயக்கும் சிஸ்டமான லினக்ஸ் அந்த மணியையே கழற்றிவிடும். அதே மணியை நம்பியிருந்த நெட்வொர்க் கார்டுக்கும் அத்தோடு வாய் அடைத்துவிடும். கார்டில் ஒரு பழுதும் இல்லை!

இந்தக் காலத்து நெட்வொர்க் கார்டு ஏன் மணியைப் பங்கு போடவேண்டும் என்று கேட்டேன். எம்எஸ்ஐ என்ற முறையில் அதற்குத் தனி மணி உண்டாம். ஆனால் எங்கள் சர்வர் கிளம்பும்போது படிக்கிற கட்டளையில் யாரோ எப்போதோ 'பிசிஐ=நோஎம்எஸ்ஐ' என்று எழுதி அந்த முறையையே அடைத்து வைத்திருக்கிறார்கள். சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றியவரும் பழைய கட்டளையை அப்படியே திரும்பப் போட்டுவிட்டார். அண்ணன் அந்த ஒரு சொல்லை அழித்தார். அப்புறம் பின்பக்கம் சர்வரிலேயே ஒரு சீரியல் போர்ட் இருப்பதைக் காட்டினார், சர்வரின் அடிப்படை அமைப்பான பயாஸில் அது கன்சோலுக்கு, அதாவது வெளியிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுப்பதற்கு, என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு எடை எந்திரத்தை அதிலேயே செருகி, நாங்கள் வாங்கிய கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் ஸ்லாட் மாற்றியதையும் சொன்னேன், திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு பிராசஸர் உள்ள போர்டில் சில ஸ்லாட் முதல் பிராசஸரோடும் மற்றவை இரண்டாவதோடும் இணைந்திருக்குமாம். நான் இரண்டாவதன் பக்கம் செருகியதால் 'இஎன்பி4எஸ்0' என்றிருந்த கார்டின் பெயர் 'இஎன்பி129எஸ்0' என்று மாறியிருக்கிறது, ஐபி முகவரி பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. "நீங்க செஞ்சது தப்பில்லம்மா, அந்தப் பக்கம் மணி வரிசையே வேற, பேரை மட்டும் மாத்தியிருந்தா அன்னைக்கே ஓடியிருக்கும்" என்றார். நாலு மாத வேதனைக்குப் பிறகு அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறையும் இருக்கிறது. போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போகவேண்டும். எடைமேடைக்கு வந்து பார்க்கச் சொன்னால் வரமாட்டார், சர்வரை நாங்கள்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். திங்கள் சாயங்காலம் கொடுத்தது வியாழன்தான் கைக்கு வந்தது, அந்த மூன்று நாளும் சீட்டைக் கையால் எழுதினேன். பில்லும் கையெழுத்துதான், எங்கள் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, நாலு மணிக்கு மேல் போங்கள்.

மொத்தம் 220 வெள்ளி. ஒரு பொருள்கூட விற்கவில்லை. கொடுப்பதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு கணினியோடு சேர்த்து வேகம் பார்த்துக் காட்டினார், 940 மெகாபிட் ஓடியது. இன்டரப்ட் அட்டவணையையும் காட்டினார், நெட்வொர்க் கார்டுக்கு இப்போது தனி வரிசை. ஐந்து வாரமாகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சர்வர் மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். எந்த ஸ்லாட் எந்த பிராசஸருக்கு, எந்தக் கார்டின் பெயர் என்ன, என்றைக்கு எதை மாற்றினார் என்று நீல மையில் தமிழில் எழுதியிருக்கிறார். அடியில் கொஞ்சம் இடம் விட்டு, இனி எதைச் செருகினாலும் தேதியோடு இங்கே எழுதிவிடும்மா என்று சொல்லியிருக்கிறார்.